கியோட்டோவிலிருந்து கனசாவா: நடுவே சுருகா ஸ்டேஷனில் 8 நிமிடத்தில் ரயில் மாறுவது எப்படி?

கேள்வி இது: நான்கு பேர், அதில் இருவர் எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா. ஆளுக்கொரு சூட்கேஸ். ஜப்பானில் கியோட்டோவிலிருந்து கனசாவாவுக்கு ரயிலில் போக வேண்டும். முன்பு போய்வந்தவர்கள் ஏறி உட்கார்ந்தால் நேராகக் கனசாவாதான் என்கிறார்கள். இப்போது தேடினால் நடுவே சுருகா என்ற ஊரில் மாறச் சொல்கிறது, அதற்கு 8 நிமிடம்தான் தருகிறது. அது போதுமா? இன்னும் மலிவான வழி உண்டா? சுருகாவில் இறங்கிச் சில மணி நேரம் ஊர் பார்க்க முடியுமா?

போதும். பெரியவர்களோடு போனாலும் போதும். ஆனால் அந்த 8 நிமிடம் எந்த மாற்றத்துக்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்டர்பேர்ட் எக்ஸ்பிரஸிலிருந்து ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலுக்கு மாறுவதற்கு மட்டும் போட்ட கணக்கு அது. லோக்கல் ரயிலில் வந்து ஷின்கான்சென் பிடிக்கிறவர்கள் அதே 8 நிமிடத்தை நம்பினால் ரயிலைத் தவறவிடுவார்கள். காரணம், சுருகா என்ற ஒரே பெயருக்குள் மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மூன்றாவது தள்ளி இருக்கிறது.

கிழக்குப் பக்கம் ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெரிய கட்டடம். அதன் மூன்றாம் தளத்தில் ஷின்கான்சென். பிளாட்பார எண்கள் 11 முதல் 14 வரை. நேர் கீழே, முதல் தளத்தில் தண்டர்பேர்ட், ஷிராசாகி என்ற இரண்டு எக்ஸ்பிரஸ்களும் வந்து நிற்கும். எண்கள் 31 முதல் 34 வரை. இரண்டுக்கும் நடுவே, இரண்டாம் தளத்தில், மாறுகிறவர்களுக்கென்றே அகலமான ஒரு கூடமும் அதில் வரிசையாக டிக்கெட் கேட்களும் இருக்கின்றன. ஜப்பானில் தரைத்தளத்தைத்தான் முதல் தளம் என்று எண்ணுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். லிஃப்டில் 1 என்றால் தரை. எனவே ‘மூன்றாம் தளம்’ என்பது நம் கணக்கில் இரண்டு மாடி ஏறுவதுதான். ஆனால் ஒவ்வொரு மாடியும் வீட்டு மாடியைவிடப் பல மடங்கு உயரம்.

மூன்றாவது பகுதி மேற்கே, ஊர்ப் பக்கம் இருக்கும் பழைய ஸ்டேஷன். 1 முதல் 7 வரையிலான பிளாட்பாரங்கள். லோக்கல் ரயில்கள் எல்லாம் அங்கேதான். பழைய பகுதிக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 200 மீட்டர் இணைப்புப் பாதை. நகரும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். ஆகவே சுருகாவில் மேலே கீழே மாறுவது சுலபம், பக்கவாட்டில் மாறுவதுதான் நேரத்தைத் தின்னும். இதை நினைவில் வைத்துக்கொண்டு எந்த அட்டவணையைப் பார்த்தாலும், கொடுத்திருக்கும் நேரம் போதுமா போதாதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முன்பு போய்வந்தவர்கள் சொன்னதும் தவறில்லை. 2024 மார்ச் 15 வரை தண்டர்பேர்ட் ஒசாகாவில் புறப்பட்டு, கியோட்டோ, ஃபுகுய் வழியாக நேராகக் கனசாவா போனது. மறுநாள், மார்ச் 16 அன்று, டோக்கியோவிலிருந்து கனசாவாவரை வந்துகொண்டிருந்த ஹொகுரிகு ஷின்கான்சென் இன்னும் 125 கிலோமீட்டர் நீண்டு சுருகாவைத் தொட்டது. அன்றிலிருந்து தண்டர்பேர்ட் சுருகாவோடு நின்றுவிட்டது. நகோயாவிலிருந்தும் மைபாராவிலிருந்தும் வரும் ஷிராசாகிக்கும் இதே கதி.

இந்த எக்ஸ்பிரஸ்களும் ஷின்கான்செனும் ஒரே தண்டவாளத்தில் ஓட முடியாது. பழைய பாதையின் கேஜ் 1,067 மில்லிமீட்டர், ஷின்கான்செனின் கேஜ் 1,435. ஓடும்போதே சக்கர அகலத்தை மாற்றிக்கொள்ளும் ரயிலை விட்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். அந்தத் தொழில்நுட்பம் தேறாததால் 2018-இல் இந்தப் பாதைக்கு அது கைவிடப்பட்டது. பயணிகள்தான் மாற வேண்டும் என்று முடிவானபின், மாறும் தூரத்தையாவது குறைக்க ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். ஷின்கான்சென் ஒபாமா, கியோட்டோ வழியாக ஒசாகா வரை நீள வேண்டும் என்று முடிவெடுத்திருந்தாலும் கட்டுமானம் தொடங்கவில்லை. எனவே சுருகாவில் மாறுவது இன்னும் பல ஆண்டுகளுக்கு இருக்கும். தற்காலிக ஏற்பாடு என்று எண்ணாமல் முறையைப் பழகிக்கொள்வது நல்லது.

இதனால் நேரம் மிச்சமா? ஒசாகா–கனசாவா அதிவேக ரயிலில் 2 மணி 31 நிமிடம் பிடித்தது, 2 மணி 9 நிமிடமாகக் குறைந்தது. ஒசாகா–ஃபுகுய்க்கு மிச்சமானது வெறும் 3 நிமிடம். கட்டணமோ, பாதை திறந்தபோது, ஒசாகா–கனசாவாவுக்கு 7,790 யென்னிலிருந்து 9,410 யென்னாகவும், ஒசாகா–ஃபுகுய்க்கு 6,140-லிருந்து 7,290-ஆகவும் ஏறியது. கனசாவா போகிறவருக்கு இந்தப் பேரம் பரவாயில்லை. ஃபுகுய்வரை மட்டும் போகிறவர் கூடுதல் பணமும் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியும் ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

இனி அந்த 8 நிமிடம். ரயில் சுருகாவை அடைய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சூட்கேஸ்களை இறக்கி, கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தயாராகிவிடுங்கள். சுருகாதான் கடைசி ஸ்டேஷன் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஒன்பது கோச் ரயிலின் கூட்டம் மொத்தமும் எஸ்கலேட்டர் வாயில் திரளும்போது முதல் பாதியில் இருப்பதும் கடைசியில் இருப்பதும் இரண்டு நிமிட வித்தியாசம். வயதானவர்களும் பெரிய பெட்டிகளும் லிஃப்டில் போகட்டும். ஆனால் லிஃப்டுக்கும் வரிசை சேரும் என்பதால் நான்கு பேரும் நான்கு பெட்டியுமாக ஒரே லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அப்பா அம்மாவோடு ஒருவர் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏற, இன்னொருவர் மற்ற இரண்டையும் எஸ்கலேட்டரில் கொண்டு வரலாம். இரண்டாம் தளக் கூடத்தில் கேட் முன்னால் சந்தித்துக்கொள்ளுங்கள். பெட்டி எஸ்கலேட்டரில் உங்களுக்கு மேல்படியில் இருக்கட்டும், கை அதிலிருந்து எடுக்காமல். கீழ்ப்படியில் வைத்தால் நழுவியது பின்னால் வருகிறவர் காலில்தான் விழும்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது டிக்கெட் கேட்டில். ஜப்பானில் பயணக் கட்டணத்துக்கு ஒரு டிக்கெட், எக்ஸ்பிரஸில் உட்காரும் உரிமைக்குத் தனி டிக்கெட். கியோட்டோ–கனசாவா பயணத்தில் ஒருவர் கையில் பொதுவாக மூன்று தாள் இருக்கும்: முழுத் தூரத்துக்கான பயண டிக்கெட், தண்டர்பேர்டின் எக்ஸ்பிரஸ் டிக்கெட், ஷின்கான்செனின் எக்ஸ்பிரஸ் டிக்கெட். கேட்டில் மூன்றையும் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் நுழைக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால் கேட் மூடிக்கொள்ளும், பின்னால் வரிசை தேங்கும். மறுபக்கம் வெளியே வரும் தாள்களை மறக்காமல் எடுங்கள். தண்டர்பேர்ட் டிக்கெட்டின் வேலை அங்கே முடிந்துவிடுவதால் தாள்கள் குறைவாக வந்தால் பதற வேண்டாம். கனசாவா என்று போட்ட பயண டிக்கெட்டும் ஷின்கான்சென் டிக்கெட்டும் கைக்கு வந்தால் சரி. நான்கு பேரின் டிக்கெட்டையும் ஒருவரே வைத்திருப்பது வீட்டு வழக்கமாக இருந்தாலும், இந்த இடத்தில் அவரவர் டிக்கெட் அவரவர் கையில் இருக்கட்டும். தண்டர்பேர்டில் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கேட் ஓரத்தில் ஊழியர் நிற்கும் அகல வழி உண்டு. பெரிய பெட்டியோடு நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

கேட் தாண்டியதும் மின்பலகையில் உங்கள் ரயிலின் பெயர், எண், பிளாட்பாரம் மூன்றையும் பாருங்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. ஸ்டேஷன் பெயர் சுருகா. ஷின்கான்சென் ரயில்களில் ஒன்றின் பெயர் சுருகி. கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். சுருகி என்பது சுருகாவுக்கும் கனசாவா அல்லது டொயாமாவுக்கும் இடையே மட்டும் ஓடும் ரயில். தண்டர்பேர்டோடும் ஷிராசாகியோடும் இணைப்புக் கொடுப்பதற்கென்றே விடப்பட்டது. ககயாகியும் ஹகுதகாவும் டோக்கியோ போகிறவை. ககயாகி வேகமானது, குறைந்த ஸ்டேஷன்களில் நிற்கும், எல்லா இருக்கைகளும் முன்பதிவு. சுருகியிலும் ஹகுதகாவிலும் முன்பதிவில்லாத கோச்களும் உண்டு. கனசாவாவில் மூன்றுமே நிற்கும் என்பதால் உங்களுக்கு எதுவானாலும் சரிதான், டிக்கெட்டில் இருக்கும் ரயிலாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஷின்கான்சென் 12 கோச் நீளம், ஏறத்தாழ 300 மீட்டர். உங்கள் கோச் அந்தக் கோடியில் இருந்தால் பிளாட்பாரத்தில் நடந்து போய்ச் சேரவே சில நிமிடம் ஆகும். நேரம் நெருங்கிவிட்டால் நடக்காதீர்கள். எதிரே இருக்கும் கதவில் ஏறி உள்ளே நடந்து உங்கள் கோச்சுக்குப் போய்விடலாம். சுருகா தொடக்க ஸ்டேஷன் என்பதால் ரயில் பெரும்பாலும் முன்கூட்டியே கதவு திறந்து நிற்கும். இது பெரிய ஆறுதல்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், இறங்கி இரண்டாம் தளம் ஏறிச்சேர ஏறத்தாழ இரண்டு நிமிடம், கேட்டுக்கு ஒன்று, மேலே ஏற ஒன்றரை, கோச் தேட ஒன்றரை. கையில் இரண்டு நிமிடம் மிச்சம். சூட்கேஸோடு லிஃப்டில் வருகிறவருக்கு அந்த இரண்டும் கரையும், ஆனால் ரயில் தப்பாது. இடையில் கடையில் நின்று உணவுப் பொட்டலம் வாங்கவோ கழிப்பறைக்குப் போகவோ மட்டும் இந்த 8 நிமிடம் இடம் தராது. கழிப்பறை தண்டர்பேர்டிலேயே இருக்கிறது, ஷின்கான்செனிலும் இருக்கிறது. உணவைக் கியோட்டோவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார்கள் என்றால் இந்த ஓட்டமே வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே அடுத்த சுருகிக்கு இருக்கை போடச் சொல்லுங்கள். பாதை திறந்தபோது வந்த அட்டவணையிலேயே சுருகி மட்டும் நாளுக்கு 25 முறை போய்வந்தது. ககயாகியும் ஹகுதகாவும் சேர்ந்து இன்னும் 14. அரை மணியோ முக்கால் மணியோ கூடினாலும் நிம்மதியான பயணம்.

டிக்கெட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியதில் முக்கியமானது: 2024 மார்ச் 16 முதல் தண்டர்பேர்டிலும் ஷிராசாகியிலும் முன்பதிவில்லாத இருக்கையே கிடையாது. ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் பழைய நினைப்பில் நேராக ஏறிவிடுகிறார்கள். பாஸ் செல்லும், கூடுதல் பணமும் இல்லை, ஆனால் இருக்கை எண் வாங்கியாக வேண்டும். பச்சை நிறக் குறியிட்ட டிக்கெட் அலுவலகத்திலோ, அதே நிற இயந்திரத்திலோ வாங்கலாம். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னால் காலை 10 மணிக்குத் திறக்கும். இணையத்தில் என்றால் ரயில் நிறுவனமான ஜே.ஆர். வெஸ்ட்டின் ஈ-5489 தளம். டோக்கியோ–ஒசாகா ஷின்கான்செனுக்குப் பயன்படும் ஸ்மார்ட்-ஈஎக்ஸ் செயலியில் ஹொகுரிகு ரயில்கள் வராது. அதில் தேடிவிட்டு ரயிலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்டர்பேர்டையும் ஷின்கான்செனையும் ஒரே பதிவில் சேர்த்து எடுங்கள். இணைப்பு நேரத்தை அமைப்பே சரிபார்த்துக் கொடுக்கும். நான்கு பேருக்கு ஷின்கான்செனில் டி, ஈ இருக்கைகளை முன்பின் இரண்டு வரிசையில் கேட்டு வாங்கினால், முன்வரிசையைச் சுழற்றி எதிரெதிரே உட்காரலாம். இருக்கைக்குக் கீழே பெடல் இருக்கும், மிதித்துத் திருப்ப வேண்டும். பெரிய பெட்டிக்கு முன்பதிவு வேண்டுமா என்ற கவலை வேண்டாம். அந்த விதி தொக்கைதோ, சான்யோ, கியூஷு ஷின்கான்சென்களுக்கானது. ஹொகுரிகுவில் கோச் முனையில் இருக்கும் லக்கேஜ் தட்டில் வைத்துக்கொள்ளலாம். முதலில் வருபவருக்கு முதலில் இடம்.

இனி எங்கே கெடும் என்பது. கியோட்டோவை விட்டதும் தண்டர்பேர்ட் பிவா ஏரியின் மேற்குக் கரையோரம் கோசெய் லைனில் ஓடும். அந்தப் பாதை பெரும்பகுதி உயரமான பாலங்கள்மேல் போகிறது. ஒரு பக்கம் ஹிரா மலை, மறுபக்கம் ஏரி. மலையிலிருந்து ஏரியை நோக்கிச் சரிந்திறங்கும் காற்றுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு, ஹிரா ஒரோஷி. காற்று வரம்பு மீறினால் கோசெய் லைனில் ரயிலை நிறுத்திவிட்டு, தண்டர்பேர்டை ஏரியின் கிழக்குக் கரையில் மைபாரா வழியாகச் சுற்றிவிடுவார்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கமாட்டார்கள், ஆனால் அரை மணி நேரம்போல் தாமதமாகும். குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் இது அடிக்கடி நடப்பது. வானம் தெளிவாக, வெயிலடிக்கும் நாளிலும் நடக்கும். மழையில்லையே என்று நம்பிவிட முடியாது. புறப்படும் நாள் காலையில் ஜே.ஆர். வெஸ்ட்டின் ரயில் நிலவரப் பக்கத்தில் கோசெய் லைனைப் பார்த்துவிடுங்கள்.

அப்படித் தாமதமானால் சுருகாவில் ஷின்கான்சென் கொஞ்ச நேரம் காத்திருக்கக்கூடும், வரம்பில்லாமல் காத்திருக்காது. ரயிலின் தாமதத்தால் இணைப்பு தவறினால் கேட்டில் இருக்கும் ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டுங்கள். அடுத்து எதில் ஏற வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தவறு நம்முடையதானாலும் முழுப் பணமும் போய்விடாது. ஷின்கான்சென் முன்பதிவு டிக்கெட்டை வைத்து அதே நாளில் பின்னால் வரும் சுருகி அல்லது ஹகுதகாவின் முன்பதிவில்லாத கோச்சில் போகலாம். எக்ஸ்பிரஸ் ரயில் 2 மணி நேரம் அல்லது அதற்குமேல் தாமதமாகச் சேர்ந்தால் எக்ஸ்பிரஸ் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைக் கேட்டில் விழுங்கவிடாமல் ஊழியரிடம் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது அதே வேலை தலைகீழ். மேலிருந்து இறங்கினால் கீழே 31 முதல் 34 வரை தண்டர்பேர்டும் ஷிராசாகியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஷிராசாகி மைபாரா, நகோயா பக்கம் போவது. கியோட்டோ போகிறவர்கள் அதில் ஏறினால் மைபாராவில் இறங்கி மாறி வர வேண்டியதுதான். பெயரைப் பார்க்காமல் ஒசாகா என்ற ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறுவது பாதுகாப்பு.

மலிவான வழிக்கு வருவோம். கியோட்டோவிலிருந்து சுருகாவுக்கு ஷின்கைசோகு என்ற வேக லோக்கல் ஓடுகிறது. தூரம் 94.1 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் கட்டணம் கிடையாது, ஐகோகா என்ற, முன்பணம் போட்ட பயண அட்டையைத் தொட்டு ஏறலாம். தண்டர்பேர்ட் ஒரு மணிக்கும் குறைவாகப் போவதை இது ஒன்றரை மணிக்குமேல் எடுத்துக்கொள்ளும். கியோட்டோவில் ஏறும்போது ரயில் நீளமாக இருக்கும், ஆனால் சுருகாவரை போவது முன்னால் இருக்கும் 4 கோச்கள் மட்டும். சுருகா பக்கத்துச் சிறிய ஸ்டேஷன்களின் பிளாட்பாரம் அவ்வளவுக்குத்தான். மற்ற கோச்களை வழியில் கழற்றிவிடுவார்கள். பின்கோச்சில் தூங்கிப்போனால் விழித்துப் பார்க்கும்போது ஏரிக்கரையிலேயே நிற்பீர்கள். வடக்கே போகப் போகக் கதவும் தானாகத் திறக்காது, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். குளிர் உள்ளே வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

சுருகாவுக்கு அப்பால் ஷின்கைசோகு போகாது. போகவும் முடியாது. சுருகாவரை 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அதைத் தாண்டி வடக்கே போனதும் 20,000 வோல்ட் மாறுமின்சாரம். ஒரு காலத்தில் சுருகாவும் மாறுமின்சாரப் பகுதிதான். 2006 அக்டோபரில் நாகஹாமா–சுருகா பகுதியை நேர்மின்சாரத்துக்கு மாற்றியதால்தான் கியோட்டோ, ஒசாகாவிலிருந்து லோக்கல் நேராகச் சுருகா வர முடிந்தது. இரண்டு மின்சாரத்திலும் ஓடும் ரயில் விலை கூடியது, எனவே எல்லைக்கு அப்பால் ஓடுவதற்கென்று தனியாகச் சில ரயில்களே இருக்கின்றன. அவற்றில்தான் ஹாப்பி லைன் ஃபுகுய் என்ற நிறுவனம் சுருகாவிலிருந்து லோக்கல் விடுகிறது. ஷின்கான்சென் வந்த அன்றே ஜே.ஆர். பழைய பாதையின் சுருகா–தைஷோஜி பகுதியை, 84.3 கிலோமீட்டரை, இந்த உள்ளூர் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அதற்கப்பால் கனசாவாவரை ஐஆர் இஷிகாவா என்ற இன்னொரு நிறுவனம்.

ஆகவே முழுவதும் லோக்கலில் போனால் சுருகாவிலும் ஃபுகுய்யிலும் மாறி, மூன்று நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுத்து, நான்கரை முதல் ஐந்து மணி நேரம். ஜப்பான் ரயில் பாஸ் சுருகா–ஃபுகுய் ஹாப்பி லைனில் செல்லாது. பெற்றோரோடும் நான்கு பெட்டியோடும் இந்த வழியைப் பரிந்துரைக்கமாட்டேன். நடுவழி ஒன்று இருக்கிறது: சுருகாவரை ஷின்கைசோகு, அங்கிருந்து சுருகியின் முன்பதிவில்லாத கோச். தண்டர்பேர்டின் எக்ஸ்பிரஸ் கட்டணம் மிச்சம், முக்கால் மணி நேரம்போல் கூடுதல். ஆனால் இது பக்கவாட்டு மாற்றம். பழைய பிளாட்பாரத்திலிருந்து மாடி ஏறி, 200 மீட்டர் பாதையைக் கடந்து, கேட் தாண்டி, இன்னொரு மாடி ஏற வேண்டும். பெட்டியோடு 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோரோடு 20.

உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் இதைப் படிக்கிற வேறொருவருக்குப் பயன்படும்: டகேஃபு ஊருக்குப் போகிறவர்கள் பெயரை நம்பி ஷின்கான்செனில் எசிசென்-டகேஃபுவில் இறங்கிவிட வேண்டாம். அந்தப் புது ஸ்டேஷன் ஊருக்கு வெளியே வயல் நடுவே இருக்கிறது, பழைய பாதையோடு இணைப்பே இல்லை. டகேஃபுவுக்கும் சபாயேவுக்கும் சுருகாவில் ஹாப்பி லைனுக்கு மாறுவதுதான் வழி.

கடைசிக் கேள்வி, ஊர் பார்ப்பது. தாராளமாகப் பார்க்கலாம், டிக்கெட்டும் இடம் கொடுக்கும். கியோட்டோ–கனசாவா காகிதப் பயண டிக்கெட் 200 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 3 நாள் செல்லும், நடுவில் வெளியே போய்த் திரும்ப உள்ளே வரலாம். ஐகோகா போன்ற ஐசி அட்டையோடு இணைத்த மின்டிக்கெட்டில் இந்தச் சலுகை கிடையாது. அதனால் ஊர் பார்ப்பதாக இருந்தால் காகிதத்திலேயே வாங்கி, ஷின்கான்செனை மூன்று நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

வெளியே வரும்போது வாசலைப் பார்த்து வாருங்கள். ஷின்கான்சென் பக்கம் இருக்கும் கிழக்கு வாசலின் பெயர் யமாநாமி, மலைத்தொடர் என்று பொருள். அங்கே மலையும் கார் நிறுத்துமிடமும்தான். ஊர் இருப்பது மேற்கே, மச்சிநாமி வாசலில். 31–34-இல் இறங்கினால் இரண்டாம் தளம் ஏறி, அந்த நீண்ட பாதை வழியாகவே மேற்கு வாசலுக்குப் போய்விடுங்கள். சூட்கேஸ்களைக் காசு போடும் லாக்கரில் வைக்கலாம். பெரிய பெட்டி கொள்ளும் லாக்கர்கள் எங்குமே முதலில் நிறைந்துவிடும், எனவே காலை ரயில் நல்லது.

வாசலிலிருந்து நேரே போகும் சாலையில் நடந்தால் ஓரமெல்லாம் வெண்கலச் சிலைகள், மொத்தம் 28. துறைமுகம் திறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி 1999-இல் வைத்தவை. கால் மணிக்குமேல் நடந்தால் கேஹி கோவில். அதன் சிவப்பு மரத் தோரண வாயில் 1645-இல் எழுப்பியது, உயரம் ஏறத்தாழ 11 மீட்டர். 1945 ஜூலையில் ஊர் குண்டுவீச்சில் எரிந்தபோதும் இந்த வாயில் தப்பி நின்றது.

கோவிலைத் தாண்டித் துறைமுகம் போகப் பேருந்து ஏறிக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு நடக்கும் தூரம் அல்ல. 1882-இலேயே ரயில் வந்த ஊர் இது. ரயில் இங்கே வந்ததே துறைமுகத்துக்காகத்தான். 1912-இல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து துறைமுகம்வரை வந்த ரயில் விளாடிவொஸ்டாக் போகும் கப்பலோடு இணைந்து, சைபீரியா வழியாக ஐரோப்பாவரை ஒரே பயணமானது. 1940-இல் லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்த சியுனே சுகிஹாரா எழுதிக் கொடுத்த விசாக்களோடு தப்பிவந்த யூத அகதிகள் ஜப்பான் மண்ணில் முதலில் கால்வைத்ததும் இந்தத் துறைமுகத்தில்தான். அந்தக் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் நீர்முனையிலேயே இருக்கிறது. அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பி வரும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்துக்கொண்டு, ஷின்கான்செனுக்கு அரை மணி முன்னதாக மச்சிநாமி வாசலில் இருந்தால் போதும். லாக்கரிலிருந்து பெட்டிகளை எடுக்கவும், அந்த 200 மீட்டரைப் பெற்றோரோடு மெதுவாகக் கடக்கவும் அது சரியாக இருக்கும்.